உப்புப் போட்டு உப்பெடுத்த நிலையம்

தேம்ஸ் ஆறு கடலோடு சேரப் போகிற வழியில், கரையோரமாக, முகத்துவார நீர் நிறுவனத்துக்கு ஓர் உப்பகற்றும் நிலையம் இருந்தது. உவர்ப்பான ஆற்றுநீரை உறிஞ்சி, உப்பைப் பிரித்துவிட்டு, கிழக்கு லண்டன் குடிமக்களுக்கு நல்ல தண்ணீர் வழங்குவதே அதன் நோக்கம் என்று வாசல் கல்லில் வெட்டியிருந்தார்கள். நிறுவனத்தின் சொத்துகளில் அதுபோலக் குறைசொல்ல இடமில்லாத சொத்து வேறு கிடையாது. தெருக்குழாய்கள் வெடித்தன. பம்புகள் இருமின. நீர்த்தேக்கங்களில் பாசி படர்ந்தது. அந்த நிலையத்தில் மட்டும் திறந்த நாள்முதல் ஒரு திருகாணிகூடக் கழன்றதில்லை. ஏனென்றால், திறந்த நாளுக்குப் பிறகு அதை ஒருவரும் ஓட்டவில்லை.

சோம்பலால் ஓட்டாமல் விட்டார்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அது கணக்கின்படி எடுத்த முடிவு. அந்தக் கணக்குக்குப் பொறுப்பாக இருந்தவர் குருமூர்த்தி.

குருமூர்த்தி யாழ்ப்பாணத்தில் பிறந்து, டென்மார்க்கில் பொறியியல் படித்து, அங்குள்ள பனிக்கும் டேனிஷ் இலக்கணத்துக்கும் ஈடுகொடுக்க ஏலாமல் குடும்பத்தோடு இல்ஃபோர்ட்டுக்கு வந்து சேர்ந்தவர். பிராந்திய நீர்வழங்கல் வலையமைப்பின் செலவுத்திறன்மிக்க இயக்கத்துக்கான மேலாளர் என்பது அவருடைய பதவி. அந்தப் பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையின் முன்பக்கத்தில் அடங்காமல் பின்பக்கத்துக்கும் போயிருந்தது. எந்த ஊருக்கு இன்றைக்கு எங்கிருந்து தண்ணீர் விடுவது, நீர்த்தேக்கத்திலிருந்தா, நிலத்தடிக் கிணறுகளிலிருந்தா, பக்கத்து நிறுவனத்திடம் வாங்கியா என்று காலையில் பார்த்துச் சொல்வது அவர் வேலை. அதற்கென்றே அவர் ஒரு கணினி நிரல் எழுதியிருந்தார். நிறுவனம் அதற்குப் ‘புரூடென்ஸ்’ என்று பெயர் வைத்தது. சிக்கனமாக வளரவேண்டிய பெண்பிள்ளைகளுக்கு அந்த நாட்டில் முந்தி வைத்த பெயர். புரூடென்ஸ் எல்லா வழிகளையும் ஒப்பிட்டு, ஆகச் செலவு குறைந்தது எது என்று சொல்லும். உப்பகற்றும் நிலையம் மின்சாரத்தைக் கண்டபடி விழுங்கும் என்பதால் அதன் பெயர் எப்போதும் கடைசியில்தான் வரும்.

“உங்கடை மூத்த மகள் இண்டைக்கு என்ன சொன்னவ?” என்று பின்னேரங்களில் மனைவி தயாளினி கேட்பார்.

“நிலையம் ஓட வேண்டாமெண்டு சொன்னவ.”

“நேற்றும் அதைத்தானே சொன்னவ?”

“சொல்லு மாறாத பிள்ளை” என்பார் குருமூர்த்தி, உண்மையிலேயே பெருமையோடு.

நிலையத்தில் ஒரேயொரு சிறு சங்கடம் இருந்தது. உப்பைப் பிரிக்கும் சவ்வுகள் காயக் கூடாது. காய்ந்தால் வெடித்து உதவாமல் போய்விடும். ஆகவே நிலையம் ஓய்வெடுக்கும் காலமெல்லாம் அவற்றை நல்ல தண்ணீரில் நனைத்து வைத்திருக்க வேண்டும். இல்ஃபோர்ட்டுக்குப் போகிற பெருங்குழாயில் ஒரு கிளை வைத்து அந்தத் தண்ணீரைக் கொண்டுபோனார்கள். இவ்வாறாகக் குடிதண்ணீர் தயாரிக்கக் கட்டிய நிலையம் குடிதண்ணீரைக் குடித்துக்கொண்டு ஆயத்த நிலையில் இருந்தது. ஆயத்தமாக இருத்தல் நிறுவனத்தின் உயரிய விழுமியங்களில் ஒன்று.

அந்த ஆண்டு மழை லண்டனை மறந்துவிட்டது. பூங்காக்களில் புல் காய்ந்து தேங்காய்த் தும்பு நிறத்துக்கு வந்தது. தோட்டத்துக்குக் குழாய் பிடிக்கக் கூடாது, கார் கழுவக் கூடாது, பல்லுத் தீட்டும்போது தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது என்று நிறுவனம் வீடு வீடாக அறிவித்தது. இரண்டு பேர் சேர்ந்து குளிப்பது நாட்டுப்பற்று என்றும் ஒரு சுவரொட்டி வந்தது. இல்ஃபோர்ட்டில் அதை ஒட்டிய இடத்தில் யாரோ உடனே கோயில் தேர்த்திருவிழா விளம்பரத்தை மேலே ஒட்டி மூடிவிட்டார்கள்.

தலைமை இயக்குநர் ஃபிலிப்பா அவசரக் கூட்டம் கூட்டினார். எந்தக் கெட்ட செய்தியையும் பிறந்தநாள் வாழ்த்துப் போலச் சொல்லத் தெரிந்த அம்மையார் அவர்.

“நண்பர்களே, வறட்சிக்காக நாம் ஒரு நிலையம் கட்டினோம். இப்போது வறட்சி வந்திருக்கிறது. இவ்விரண்டு நிகழ்வுகளுக்கும் இடையில் ஏதேனும் தொடர்பு இருக்க முடியுமா என்று ஒரு பத்திரிகையாளர் கேட்டிருக்கிறார்.”

அந்தக் கோணத்தில் இதுவரை ஒருவரும் யோசித்ததில்லை.

“குருமூர்த்தி, புரூடென்ஸ் என்ன சொல்கிறாள்?”

“வேண்டாம் என்கிறாள், அம்மணி. மிகவும் செலவு.”

“வேறு வழி?”

“மக்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்துவதுதான் ஆகச் செலவு குறைந்தது என்று சொல்கிறாள். அதை நான் அறிக்கையில் சேர்க்கவில்லை.”

“நல்லது. அதை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்வோம்” என்றார் ஃபிலிப்பா. “இப்போது நிலையத்தை ஓட்டுங்கள். ஆனால் செலவுத்திறனோடு ஓட்டுங்கள்.”

அடுத்த நாள் குருமூர்த்தி நிலையத்துக்குப் போனார். நிலையத்தின் பொறுப்பாளர் யோகலிங்கம் பாரிஸில் பல வருஷம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். வாசலிலிருந்து பம்பு அறைவரை அவர் காலத்தில் வாங்கிய பாதுகாப்பு விருதுகள் வரிசையாகத் தொங்கின. ஓட்டச் சொல்லி வந்த செய்தியைக் கேட்டதும், வீட்டில் சாவு விழுந்தவர் போலக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணை, யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?”

“மேலிடத்து முடிவு.”

“இத்தனை வருஷமா இஞ்சை ஒரு விபத்து இல்லை. ஒரு கசிவு இல்லை. ஒருத்தன் கால் தடக்கி விழேல்லை. ஓட்டினா உது எல்லாம் வரும்.”

“யோகலிங்கம், உது தண்ணி எடுக்கக் கட்டின நிலையம்.”

“ஓம், கட்டினவை. அதுக்கு என்ன? என்ரை வீட்டுக்காரி கலியாணத்துக்கு வாங்கின பட்டுச்சீலையும் உடுக்கத்தான் வாங்கினது. பெட்டியை விட்டு வெளியிலை எடுக்கிறாவோ? எடுத்தால் கறைபடும் அண்ணை.”

நிறுவனத்தின் கோட்பாடுகளின்படி பார்த்தால் இந்த வாதம் சரியானதே. கையெழுத்து வைத்த உத்தரவைக் குருமூர்த்தி நீட்டினார். யோகலிங்கம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போய் விசையை அழுத்தினார். நிலையம் ஒருமுறை உறுமி, பிறகு ஓடத் தொடங்கியது.

செலவுத்திறன் என்பது இப்போதுதான் உள்ளே வருகிறது. கடல் பெருகும்போது ஆற்றில் உப்பு அதிகம், வற்றும்போது குறைவு. உப்புக் குறைந்த தண்ணீரைச் சுத்திகரிக்க மின்சாரமும் குறைவு. ஆகவே வற்று நேரத்தில் மட்டும் தண்ணீரை எடுக்கும்படி புரூடென்ஸ் சொன்னது. அது நல்ல யோசனைதான். ஆனால் ஒரு வாரம்கூட முடியவில்லை, நீர் எடுப்பு அனுமதி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, ஒரு கோப்பைத் தண்ணீரை அளந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“உங்களுக்கு அனுமதி கொடுத்தது உப்புநீர் எடுக்க. இது சட்டப்படி உப்புநீர் இல்லை. வரைவிலக்கணத்துக்குக் கொஞ்சம் உப்புக் குறைகிறது.”

“அது நல்லதல்லவா, ஐயா?”

“நல்லதா கெட்டதா என்பது என் பிரிவு அல்ல. உப்புநீர் இல்லையென்றால் அது நன்னீர். வறட்சிக் காலத்தில் ஆற்றிலிருந்து நன்னீர் எடுப்பது குற்றம்.”

குருமூர்த்தி புரூடென்ஸிடம் திரும்பினார். பெருக்கு நேரத்து உப்புநீரை எடுத்தால் மின்கட்டணம் கட்டுப்படியாகாது. வற்று நேரத்து நீரை எடுத்தால் சட்டம் பிடிக்கும். இரண்டுக்கும் இடையில் ஆகச் செலவு குறைந்த வழி எது?

புரூடென்ஸ் கண்ணை மூடித் திறக்கும் நேரத்துக்குள் விடை சொன்னது. வற்று நேரத்துத் தண்ணீரை எடு. சட்டம் கேட்கிற அளவுக்கு மட்டும் அதில் உப்பைப் போடு. பிறகு அந்த உப்பை எடு.

குருமூர்த்தி தன் கண்ணையே நம்பாமல் கையால் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்கு அப்பழுக்கில்லாமல் இருந்தது. அதுதான் அவரைக் கலங்க வைத்தது. பிழையான கணக்கைத் திருத்தலாம். சரியான கணக்கை என்ன செய்வது?

இயக்குநர் சபை கைதட்டி அதை ஏற்றுக்கொண்டது. சாதாரணக் கடை உப்பை வாங்கலாம் என்று குருமூர்த்தி சொன்னபோது மட்டும் ஓர் எதிர்ப்பு வந்தது. எதிர்த்தவர் ஹ்யூகோ. நிறுவனத்தின் நிலைபேறு மற்றும் நற்பெயர்த் தலைவர். வெறுங்காலில் அலுவலகம் வந்து, தண்ணீரைக் குடிக்குமுன் அதற்கு நன்றி சொல்லும் பழக்கம் உள்ள இளைஞர்.

“கடை உப்பா? நமது விழுமியங்கள் எங்கே போயின? கையால் அள்ளிய, வெயிலில் உலர்த்திய, மூலம் தெரிந்த கடலுப்புத்தான் போட வேண்டும்.”

“திருவாளர் ஹ்யூகோ, போட்ட மறுகணமே அதை வெளியே எடுக்கப்போகிறோம்.”

“அந்த ஒரு கணம் முக்கியமில்லையா?” என்று ஹ்யூகோ கேட்டார். சபை உருகிப்போனது.

ஆகவே மேற்குக் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து சணல் பைகளில் கடலுப்பு வந்தது. யோகலிங்கம் அதை ஆற்றுநீரில் கொட்டினார். சவ்வுகள் அதைப் பிரித்தன. பிரித்த உப்புத்தண்ணீரை ஆற்றில் திருப்பி விடலாமென்று பார்த்தால், அதற்கு அனுமதி அலுவலகம் மறுத்தது. ஆறு உப்பாகிவிடுமாம். வேறு வழியில்லாமல் நிலையத்துக்குப் பின்னால் இருந்த வெட்டைவெளியில் பாத்தி கட்டி அதை வெயிலில் விட்டார்கள். அந்த ஆண்டு வெயிலுக்கு இரண்டே நாளில் பாத்தியெல்லாம் வெள்ளையாகப் பூத்தது.

“ஆனையிறவு உப்பளம் தோத்துப்போகும் அண்ணை” என்றார் யோகலிங்கம். நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஹ்யூகோ அதில் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது. “இதில் நதி இருக்கிறது” என்றார்.

நதியோடு இன்னும் பல சங்கதிகள் இருந்தபடியால் உப்பைக் கழுவ வேண்டியிருந்தது. நல்ல தண்ணீரில், பலமுறை. கழுவிய உப்பைச் சிறு கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, தக்கை மூடி போட்டு, ‘தேம்ஸ் உப்பு’ என்று விற்பனைக்கு விட்டார்கள். லண்டன் அதைத் தலையில் தூக்கி வைத்தது. பெரிய உணவகங்களில் சாப்பாட்டுக்கு முன் அந்த உப்பை மட்டும் தனித் தட்டில் கொண்டுவந்து வைத்து, பரிசாரகர் இரண்டு நிமிஷம் அதன் வரலாறு சொன்னார். அதைக் கரைத்த தண்ணீரில் கால் வைத்தால் கவலை இறங்கும் என்று சில இடங்களில் கட்டணம் வாங்கினார்கள். இல்ஃபோர்ட்டும் பின்வாங்கவில்லை. கலியாண வீடுகளில் உப்புக் குப்பி மேசையில் இருக்கிறதா என்று பார்த்துச் சனம் மாப்பிள்ளை வீட்டின் தரத்தை நிர்ணயித்தது.

கொண்டாட்டங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் தொழில் தயாளினியுடையது. அவரும் தன் மிக்ஸர் பைகளில் ‘தேம்ஸ் உப்புச் சேர்த்தது’ என்று அச்சடிக்க வேண்டி வந்தது.

“ருசியிலை வித்தியாசம் இருக்கோ?” என்று குருமூர்த்தி கேட்டார்.

“உப்பு உப்பாத்தான் இருக்கு. ஆனா அச்சடிச்ச நாள் துவக்கம் பை நிக்குதில்லை.”

விற்பனை ஏற ஏற, சணல் பைக் கடலுப்பு வாங்குவது நின்றது. உள்ளூர் உற்பத்தியை ஆதரிக்க வேண்டும் என்ற கொள்கைப்படி நிலையம் தன் உப்பைத் தானே வாங்கி ஆற்றுநீரில் கொட்டி, திரும்ப எடுத்து, கழுவி, மீதியை விற்றது. வட்டப் பொருளாதாரத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. தண்ணீரும் வராமல் இல்லை. கொஞ்சம் வந்தது. உப்பைக் கழுவ அது போதவில்லை என்பதால் இல்ஃபோர்ட்டுக்குப் போகும் பெருங்குழாயின் கிளையைக் கொஞ்சம் அகலமாக்கினார்கள்.

பிறகு இன்னும் கொஞ்சம்.

குருமூர்த்திக்கு இது தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு காலையும் புரூடென்ஸ் சொன்னதைக் கீழே அனுப்பினார். ஒவ்வொரு நாளுக்கான கணக்கும் அந்த நாளுக்குச் சரியாகவே இருந்தது. உப்பு தரும் வருமானத்தைக் கழித்துப் பார்த்தால் நிலையம்தான் வலையமைப்பிலேயே ஆகச் சிக்கனமான பகுதி. கடைசியில் நின்ற பெயர் முதலாவது இடத்துக்கு வந்திருந்தது. இரவில் வீட்டுக் குழாயைத் திறந்தால் நூல்போல வரும் தண்ணீரைப் பார்த்தபடி அவர் முகம் கழுவிக்கொள்வார். தயாளினியும் பார்ப்பார். இருவரும் அதைப்பற்றிக் கதைப்பதில்லை. ஒரு வீட்டுக்குள் கதைக்காமல் விடுகிற விஷயத்துக்கு எவ்வளவு பாரம் என்பது அப்படி இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நீர்த்துறை ஆணையாளர் நிலையத்தைப் பார்வையிட வருகிற சனிக்கிழமை வந்தது. அதே சனிக்கிழமை இல்ஃபோர்ட் மண்டபம் ஒன்றில் பெரிய சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சிறுமிக்கு எடுக்கும் நீராட்டு விழா. சமையல் தயாளினியுடையது. அவர் இதுவரை எடுத்ததிலேயே பெரிய ஓடர் அது. பிள்ளையின் சொந்தக்காரர் ஸ்ட்ரெதத்திலிருந்தும் வால்தம்ஸ்டோவிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள்.

நிலையத்தில் ஃபிலிப்பா ஆணையாளருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு பெரிய திரை. அதில் கிழக்கு லண்டன் முழுவதற்கும் அந்த நேரத்தில் போகும் தண்ணீர் பச்சைக் கோடாக ஓடியது; ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிற வட்டம் இருந்தது. குருமூர்த்தி கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு திரையின் பக்கத்தில் நின்றார். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. தயாளினி.

“இஞ்சேருங்கோ, தண்ணி நிண்டு போச்சு.”

“எங்கை?”

“எங்கையோ? மண்டபத்திலை! சோறு பாதி அவிஞ்சு நிக்குது. பிள்ளை தலைக்கு வாக்கிறதுக்குத் தண்ணியில்லாமல் பால் அறுகு வைச்ச தலையோடை இருக்குது. மாமன்காரன் போத்தில் தண்ணி வாங்க ஓடித் திரியிறார்.”

“கொஞ்ச நேரம் பொறும். இஞ்சை ஆணையாளர் நிக்கிறார்.”

“ஆர் நிண்டாலும் எனக்கென்ன? ஒண்டு கேக்கிறன், நேராய்ச் சொல்லுங்கோ. எங்கடை தண்ணி எங்கை போகுது?”

குருமூர்த்தி கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பார்த்தார். பெரிய தொட்டிகளில் உப்பு, தெளிந்த தண்ணீருக்குள் சுழன்று சுழன்று குளித்துக்கொண்டிருந்தது. நாலாவது முறைக் குளிப்பு.

“இஞ்சைதான் வருகுது” என்றார்.

தயாளினி பேசியிருந்தால் அவர் சமாளித்திருப்பார். அந்த மண்டபத்துப் பாத்திரச் சத்தமும், யாரோ ஒரு பெண் “அன்ரி, தண்ணி வந்திட்டுதோ?” என்று கேட்பதும் மட்டும் கேட்டது. பிறகு தயாளினி போனை வைத்துவிட்டார்.

குருமூர்த்தி புரூடென்ஸைக் கேட்கவில்லை. யோகலிங்கத்தைத் தேடிப் போனார்.

“நிலையத்தை நிப்பாட்டும்.”

யோகலிங்கத்தின் முகம் மலர்ந்தது. “மெய்யாவோ அண்ணை?”

“எல்லாத்தையும். கழுவுற தொட்டி, கிளைக் குழாய், எல்லாம்.”

“உந்த ஒரு சொல்லுக்காண்டித்தான் இவ்வளவு நாளும் இருந்தனான்” என்று யோகலிங்கம் ஓடிப் போய் விசையை அணைத்தார். நிலையம் பெருமூச்சு விட்டு ஓய்ந்தது. சவ்வுகளை நனைக்க வேண்டிய துளித் தண்ணீரை மட்டும் விட்டு, கிளைக் குழாயை இருவரும் சேர்ந்து முறுக்கி அடைத்தார்கள்.

குருமூர்த்தி திரும்பி வந்தபோது ஃபிலிப்பா பேசிக்கொண்டேயிருந்தார். “இதோ, எமது உப்பகற்றும் நிலையத்தின் இடையறாத பங்களிப்பு” என்று அவர் கையை நீட்டிய நேரத்தில், திரையில் இருந்த பச்சைக் கோடு சட்டென்று மேலே ஏறியது. இல்ஃபோர்ட்டின் வட்டம் சிவப்பிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து பச்சையானது. ஆணையாளர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போனார்.

“அற்புதம்! இப்போது என்ன செய்தீர்கள்?”

ஃபிலிப்பா சிரித்த முகத்தோடு குருமூர்த்தியைப் பார்த்தார். அந்தச் சிரிப்புக்குள் ஒரு பயம் தெரிந்தது. வேலை போகப்போகிறது என்று குருமூர்த்தி முடிவு செய்துவிட்டார். முடிவு செய்தபின் உண்மையைச் சொல்வது சுலபமாக இருந்தது.

“நிலையத்தை நிறுத்தினேன், ஐயா.”

“நிறுத்தினீர்களா?”

“ஆம். அது தருவதைவிட எடுப்பது அதிகம். ஓடினால் மக்களுக்குத் தண்ணீர் குறையும். நின்றால் கூடும்.”

ஹ்யூகோ நெஞ்சில் கை வைத்தார். ஆணையாளர் திரையைப் பார்த்தார், நின்றுபோன இயந்திரங்களைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

“அப்படியென்றால் நிறுத்தியதால் இவ்வளவு தண்ணீர் கிடைத்ததா?”

“ஆம், ஐயா.”

“நிறுத்துவதற்குச் செலவு?”

“ஒன்றுமில்லை.”

“மின்சாரம்?”

“தேவையில்லை.”

ஆணையாளர் மெல்லத் தலையை ஆட்டினார். “முப்பது வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். செலவே இல்லாத ஒரு நீர்வளத்தை இன்றைக்குத்தான் காண்கிறேன்.”

இயக்குநர் பதவிக்கு ஃபிலிப்பா சும்மா வந்தவரல்ல. “நிறுத்தம்” என்று அந்தச் சொல்லை ஒருமுறை வாயில் வைத்துப் பார்த்தார். “ஆற்றுநீர், நிலத்தடிநீர், உப்பகற்றிய நீர். நான்காவதாக, நிறுத்தநீர். இதைத்தான் இன்று உங்களுக்குக் காட்டத் திட்டமிட்டிருந்தோம், ஆணையாளர் அவர்களே.”

“ஆனால் அம்மணி” என்றார் குருமூர்த்தி, “இது ஒருமுறைதான். நிறுத்திய நிலையத்தைத் திரும்ப நிறுத்த முடியாது.”

அவர் சொன்னது எச்சரிக்கையாக. ஃபிலிப்பாவின் காதில் அது திட்டமாக விழுந்தது.

“மிகச் சரி! இருக்கிற ஒரேயொரு நிலையத்தை நிறுத்தியாகிவிட்டது. அடுத்த வறட்சிக்கு எதை நிறுத்துவது? நிறுத்துவதற்கு இன்னொரு நிலையம் அவசரமாக வேண்டும்.”

ஆணையாளர் அந்த இடத்திலேயே கொள்கையளவில் சம்மதம் தெரிவித்தார். குருமூர்த்திக்கு வேலை போகவில்லை. பிராந்திய நீர்வழங்கல் வலையமைப்பின் செலவுத்திறன்மிக்க நிறுத்தங்களுக்கான தலைவர் என்று பதவி உயர்ந்தது. அட்டைக்குப் பதிலாகச் சிறு கையேடு ஒன்று கழுத்தில் தொங்கியது. சாமத்தியவீட்டில் சோறு கொஞ்சம் குழைந்திருந்தாலும், பிள்ளைக்குத் தலைக்கு வார்த்து, சனம் சாப்பிட்டு, எல்லாம் குறையின்றி முடிந்தது. பின்னேரம் தயாளினி குருமூர்த்திக்குத் தன் கையால் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

“நீங்கள்தான் நிப்பாட்டினதெண்டு கேள்விப்பட்டன்” என்றார்.

“ஓம்.”

“கெட்டித்தனம்.” அவ்வளவுதான். டென்மார்க்கில் பட்டம் வாங்கிய அன்றைக்குக்கூட அந்தச் சொல் அவருக்குக் கிடைக்கவில்லை.

அந்தச் சொல் கொடுத்த தைரியத்தில்தான், இரண்டாவது நிலையம்பற்றி இல்ஃபோர்ட் மக்களின் கருத்தறியும் கூட்டத்தில் உண்மையை விளக்கிச் சொல்வதென்று குருமூர்த்தி தீர்மானித்தார். குழாயில் தண்ணீர் இல்லாமல் தவித்தவர்கள் இவர்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொங்கி எழுவார்கள், திட்டம் கவிழும். அப்படித்தான் அவர் நம்பினார்.

மண்டபம் நிறைந்திருந்தது. சிற்றுண்டிக்குத் தேத்தண்ணியும் தயாளினியின் மிக்ஸரும். நிலையம் நின்ற பிறகு புதிதாக உப்பு வராததால் தேம்ஸ் உப்புக்கு மவுசு இன்னும் ஏறியிருந்தது. ஃபிலிப்பா வரைபடத்தைக் காட்டி, புதிய நிலையம் வால்தம்ஸ்டோவில் அமையும் என்று அறிவித்தார். குருமூர்த்தி தேத்தண்ணிக் கோப்பையோடு எழுந்தார்.

“ஒரு விஷயத்தை நீங்கள் எல்லாரும் அறிய வேணும். உந்த நிலையம் ஓடாது. ஓடுறதுக்காகக் கட்டேல்லை. நிப்பாட்டி வைக்கிறதுக்காகத்தான் கட்டுகினம். அதுக்கு வாற செலவு உங்கடை தண்ணி பில்லிலைதான் ஏறப்போகுது.”

மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. முன்வரிசையில் இருந்த கடை முதலாளி ஒருவர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. குருமூர்த்தியின் நெஞ்சு நிறைந்தது.

“அப்ப நான் ஒண்டு கேக்கிறன்” என்றார் முதலாளி. “பில் எங்களுக்கும் ஏறும். நிலையம் மட்டும் வால்தம்ஸ்டோவுக்கோ?”

“அதுதானே!” என்று பின்னால் ஒரு குரல்.

“தண்ணியில்லாமல் கஷ்டப்பட்டது இல்ஃபோர்ட். நிலையம் அங்கையோ?”

“இது பாகுபாடு!”

குருமூர்த்தி குறுக்கிட்டார். “ஐயா, கொஞ்சம் பொறுங்கோ. இல்ஃபோர்ட்டிலை கடல் இல்லை.”

“வால்தம்ஸ்டோவிலை மட்டும் கடல் இருக்கோ?”

“இல்லை. ஆனால்…”

“ஓடாத நிலையத்துக்குக் கடல் என்னத்துக்கு?” என்று ஓர் அம்மா கேட்டார். மண்டபம் அதிரக் கைதட்டியது.

ஃபிலிப்பாவுக்காக ஒருவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அவர் சற்று யோசித்து, மறுக்க முடியாத வாதம் என்று ஒத்துக்கொண்டு, வரைபடத்திலிருந்த வட்டத்தை வால்தம்ஸ்டோவிலிருந்து நகர்த்தி இல்ஃபோர்ட்டில் வைத்தார். ஆதரிப்பவர்கள் கைகளை உயர்த்தும்படி கேட்டார்.

மண்டபம் முழுக்கக் கைகள் எழுந்தன. தயாளினி இரண்டு கையையும் தூக்கியிருந்தார்.

“நீரும் கை தூக்கினீரோ?” என்றார் குருமூர்த்தி தாழ்ந்த குரலில்.

“பேந்தென்ன? இஞ்சை நிலையம் வந்தால்தானே உப்பும் இஞ்சை வரும். ‘இல்ஃபோர்ட் உப்பு’ எண்டு அச்சடிக்கலாம்.”

“ஓடாத நிலையத்திலை உப்பு எப்பிடியப்பா வரும்?”

“அதை நீங்கள் பாருங்கோ. நீங்கள்தானே அதுக்குத் தலைவர்” என்று தயாளினி ஒரு மிக்ஸர் தட்டை அவர் கையில் திணித்தார்.

“எதிர்ப்பவர்கள்?” என்று ஃபிலிப்பா கேட்டார்.

குருமூர்த்தி கையைத் தூக்கத்தான் நினைத்தார். வலது கையில் தேத்தண்ணி இருந்தது. இடது கையில் மிக்ஸர். வைப்பதற்கு ஓர் இடம் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிவிட்டது.